படக்காரம்மாவின் ஒரே பிழை

ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் கழித்துப் படக்காரம்மா இறந்த செய்தியை நிறுவனத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது அவருடைய புகைப்படம் இடம் வலம் மாறி அச்சாகியிருந்தது. இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்கு வந்துவிட்டது. மூன்று நாள் அது அப்படியே தொங்கியது. நூற்றிருபது பேர் அதைக் கடந்து காபி குடிக்கப் போனார்கள், வந்தார்கள். நின்று பார்த்து உச்சுக்கொட்டியவர்களும் உண்டு. ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரே ஆள் படத்துக்குள்ளே இருந்தார்.

நிறுவனம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். கீழே செருப்புக்கடை, அதற்கு மேல் பல் மருத்துவர், அதற்கும் மேல் ஜன்னல் குறைவான ஒரு நீண்ட அறை. விஞ்ஞானிகள் எழுதும் கட்டுரைகள் அங்கே வந்து, இரண்டு பத்தியாகப் பிரிந்து, பக்க எண் வாங்கிக்கொண்டு, ஆய்வு இதழ்களாகத் திரும்பிப் போகும். எழுத்தைக் கவனிக்கச் சிலர், அட்டவணைக்குச் சிலர். படங்களைப் பக்கத்தில் வைப்பது மட்டும் முப்பத்தொரு வருடமாக ஒருவருடைய வேலை. அதனால் அவர் படக்காரம்மா. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பட்டியலைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.

அவருக்கு விஞ்ஞானம் தெரியாது. ஈரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஆனால் ஈரலின் படத்தை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதில் அவரை யாரும் அசைக்க முடியாது. நிறுவனத்தில் ஒவ்வொருவருக்கும் பிழைப் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. படம் மாறினால் ஒரு கோடு, தலைகீழானால் ஒரு கோடு, எழுத்து வெட்டுப்பட்டால் ஒரு கோடு. படக்காரம்மாவின் பக்கம் வெள்ளையாக இருந்தது. ஆண்டு முடிவில் எல்லோரும் சம்பள உயர்வுத் தாளை வாங்கப் போகும்போது அவர் மட்டும் முதலில் பதிவேட்டை வாங்கி, அந்த வெள்ளைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சம்பளத்தைப் பார்ப்பார். சம்பளத்திலும் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது என்பது வேறு விஷயம்.

பிழை வராமல் இருக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. விஞ்ஞானிகள் அனுப்பும் படக் கோப்புகளின் பெயர்கள் 'படம் ஒன்று', 'படம் ஒன்று இறுதி', 'படம் ஒன்று நிஜமான இறுதி' என்றுதான் இருக்கும். அதை நம்பினால் கை மாறிவிடும். ஆகவே அவர் ஒவ்வொரு படத்துக்கும் பட்டப்பெயர் வைப்பார். நுண்ணோக்கியில் எடுத்த செல்களும் திசுக்களும் அவர் மேசையில் 'கிழிஞ்ச குடை', 'கோபக்கார முட்டை', 'மூணு சித்தப்பா' என்று உலவின. ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் பிறகு மறக்க மாட்டார். சொந்த நாத்தனார் பிறந்தநாள் மறந்துபோகும், 'மூணு சித்தப்பா' மறக்காது.

ஓய்வு பெற இருபது மாதம் இருந்தபோது பல்லி வந்தது.

"கமா சார், பல்லி திரும்பி வந்திருக்கு" என்றார் படக்காரம்மா.

பக்கத்து மேசையில் மெய்ப்புத் திருத்துகிறவர் சட்டென்று இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். ஒரு கமாவுக்காக அரைமணி நேரம் மல்லுக்கு நிற்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். "எங்கம்மா? எந்தச் சுவர்ல?"

"சுவர்ல இல்ல சார், ஈரல்ல."

கமா சார் காலைக் கீழே விட்டு எழுந்து வந்தார். திரையில் ஊதா நிறப் புள்ளிகள் நிறைந்த ஒரு படம். நடுவில் ஐந்து புள்ளிகள் சேர்ந்து நான்கு காலும் ஒரு தலையுமாக, பின்னால் ஒரு வெடிப்பு வால்போல வளைந்து, உற்றுப் பார்த்தால் பல்லிதான். இரண்டு வருடம் முன்பு, இந்தக் கட்டுரையை எழுதிய பேராசிரியரின் வேறொரு கட்டுரைக்குப் படம் வைத்தபோது படக்காரம்மா அதற்கு அந்தப் பெயரை வைத்திருந்தார். பழைய கோப்பைத் திறந்து பக்கத்தில் போட்டுக் காட்டினார். தலை, கால், வால் எல்லாம் அச்சு அசல்.

கமா சார் படங்களை விட்டு, கீழே இருந்த குறிப்புகளைப் படித்தார். பழையதில் 'நோயற்ற எலியின் ஈரல், மருந்து தரப்படவில்லை' என்று இருந்தது. புதியதில் 'சிதைந்த ஈரல், எட்டு வாரம் புதிய மருந்து தந்தபின் முழுமையாகக் குணமடைந்த நிலை.'

"அபாரம்" என்றார் கமா சார். "சீக்கே வராத எலியைக் குணப்படுத்தியிருக்காரு. இதுக்கு மருந்து எதுக்கு, வெறும் தண்ணி போதுமே."

"சிரிக்காதீங்க சார். தெரியாம மாத்தி அனுப்பியிருப்பாரு. பாவம், பெரிய மனுஷன். கேட்டுடலாம்."

அவர் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். பல்லி இரண்டு இடத்தில் வந்தால் யாரோ கை மாறி வைத்துவிட்டார்கள். அவர் உலகத்தில் தப்பு என்றால் அதுதான்.

ஆனால் கேட்பது அவ்வளவு லேசில்லை. படம் வைப்பவர் கட்டுரை ஆசிரியரிடம் கேட்க நிறுவனம் அனுமதித்த கேள்விகள் நான்கு: படம் தெளிவாக இல்லை, படத்துக்கு எண் இல்லை, எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறது, வண்ணம் சரியா. கணினியில் இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தால்தான் கடிதமே நகரும். ஐந்தாவதாக ஒரு கேள்வி ஒரு மனிதருக்குத் தோன்றும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. படக்காரம்மா நான்கையும் பார்த்துவிட்டு 'படம் தெளிவாக இல்லை' என்பதைத் தேர்ந்து, கீழே சிறிய இடத்தில் விஷயத்தைப் பணிவாக எழுதி அனுப்பினார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. "சுட்டியமைக்கு நன்றி. சரியான படம் இணைக்கப்பட்டுள்ளது."

படக்காரம்மா ஆவலோடு திறந்தார். பல்லி சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. அதாவது, அதே படத்தைக் கால்வட்டம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். படத்தின் ஓரத்தில், இவ்வளவு நீளம் இத்தனை மைக்ரான் என்று காட்ட ஒரு அளவுக்கோடு படுத்திருக்கும். அந்தக் கோடும் பல்லியோடு சேர்ந்து எழுந்து நின்றது. முப்பத்தொரு வருடத்தில் அவர் நிற்கிற அளவுக்கோட்டைப் பார்த்ததில்லை.

அப்போதுதான் அவருக்கு இது கை மாறிய தப்பு இல்லை என்று பட்டது. கை மாறுகிறவன் படத்தைத் திருப்ப மாட்டான்.

மறுபடி கேட்டார். இந்த முறை பதில் பேராசிரியரிடமிருந்து வரவில்லை. தர அதிகாரியின் கண்ணாடி அறையிலிருந்து வந்தது.

தர அதிகாரி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். மரியாதை தெரிந்தவர். கெட்ட சேதி சொல்லும்போது நாற்காலியை அவரே இழுத்துப் போடுவார்.

"உட்காருங்க மேடம். ஒரே படத்துக்கு ரெண்டு தடவை தெளிவா இல்லைன்னு போட்டிருக்கீங்க. நான் பார்த்தேன், தெளிவாத்தான் இருக்கு."

"தெளிவா இருக்கறதுதான் சார் பிரச்சினையே. அந்த ஈரல் வேற எலியோடது."

"அது உங்க வீட்டு எலியா மேடம்?"

"இல்ல சார்."

"என் வீட்டு எலியும் இல்ல. அவரு எலி, அவரு ஈரல், அவரு பேரு. இதை மூணு நிபுணர்கள் படிச்சு ஓகே பண்ணியிருக்காங்க. நாம படத்தைப் பக்கத்துல வைக்கறவங்க. அதுல மூக்கை நுழைக்கறவங்க இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாளைக்கு இதழ் அச்சுக்குப் போகணும். கேள்வியை நான் மூடிடறேன். உங்க பக்கத்துல கோடு எதுவும் போடல, சரியா?"

கோடு இல்லை என்றதும் படக்காரம்மா எழுந்துவிட்டார். இதை மறைப்பதற்கில்லை. விஞ்ஞானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்கு அன்று தோன்றவில்லை. தன் பக்கம் வெள்ளையாக இருந்தால் போதும் என்று இருந்தது. அளவுக்கோட்டை மட்டும் மனசு கேட்காமல் படுக்கவைத்துவிட்டு, கட்டுரையை அனுப்பிவைத்தார்.

ஆறு மாதம் பல்லி நிம்மதியாக இருந்தது. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று செய்தித்தாளில்கூட ஒரு மூலையில் வந்தது. பிறகு, எங்கோ இருந்த ஒரு வாசகர், வேலை மெனக்கெட்டு இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து இதழுக்கு எழுதிவிட்டார். இதழ் பேராசிரியரைக் கேட்டது. பேராசிரியர் ஒரு நிமிஷம்கூடத் தடுமாறவில்லை. இரண்டு கட்டுரையும் ஒரே நிறுவனத்தில் பக்கம் கட்டப்பட்டவை, படம் வைத்தவர் பழைய கோப்பிலிருந்து தவறான படத்தை எடுத்து வைத்துவிட்டார், தன் ஆய்வில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதி, அச்சுத் தொழிலில் தரம் குறைந்துவருவது பற்றிக் கவலையும் தெரிவித்திருந்தார்.

தர அதிகாரி மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டார். பக்கத்தில் தண்ணீர் வேறு வைத்தார். பேராசிரியரின் கடிதத்தைப் படக்காரம்மாவிடம் நீட்டினார்.

"நான் மாத்தி வைக்கல சார். ரெண்டு தடவை கேட்டேனே. அந்தக் கேள்விகளை எடுத்துக் காட்டுங்க."

"கேள்விகள் தொண்ணூறு நாளுக்கு மேல கம்ப்யூட்டர்ல தங்காது மேடம். தானா அழிஞ்சிடும்."

"அப்ப நீங்க சொல்லுங்க. நீங்கதானே மூடினீங்க."

தர அதிகாரி தண்ணீரைத் தானே குடித்தார். "நான் சொன்னா, ஏன் மூடினேன்னு கேப்பாங்க. இதழ் நம்ம கையை விட்டுப் போயிடும். இருபது பேருக்கு வேலை போகும். நீங்க ஒரு கடிதத்துல கையெழுத்துப் போட்டா எல்லாம் முடிஞ்சது. 'கவனக்குறைவால் படம் மாறிவிட்டது, வருந்துகிறோம்.' அவ்வளவுதான். உங்களுக்கு இன்னும் பதினாலு மாசம். வேலைக்கு ஒரு ஆபத்தும் வராது. பதிவேட்டுல ஒரே ஒரு கோடு."

"கோடா?"

"சின்னக் கோடு மேடம்."

நாளை காலை சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். மாலையில் நேரே கணவரின் கடைக்குப் போனார். கணவர் தையல்காரர். இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, உட்கார ஒரு முக்காலி. ஒரு வாடிக்கையாளர் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நிற்பதைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். "அளவு நான் சரியாத்தான் கொடுத்தேன். நீங்கதான் குட்டையா வெட்டிட்டீங்க."

தையல்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "சரிங்க, என் தப்புதான். புதுசா தைச்சுத் தர்றேன். நீங்க கொடுத்த அளவுச் சட்டையை எடுத்துட்டு வாங்க, வெச்சுப் பார்த்து வெட்டறேன்."

வாடிக்கையாளர் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, கை கொஞ்சம் ஏறினால் காற்றோட்டமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஏங்க, தப்பு உங்களுதா?" என்று கேட்டார் படக்காரம்மா.

"எங்கம்மா? இந்தாளு அளவுச் சட்டையே தரல. அவரு தம்பி சட்டை சைஸ்னு வாயாலதான் சொன்னாரு. தப்பு என்னுதுன்னு நான் ஒத்துக்கிட்டா, சரியானதை அவரு கொண்டுவரணும்ல? இருந்தாதானே கொண்டுவருவாரு."

படக்காரம்மா முக்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். கணவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "முப்பத்தொரு வருஷம் வெள்ளையா வெச்சிருந்தியே" என்று மட்டும் சொன்னார்.

"அதாங்க."

"கையெழுத்துப் போடாதேம்மா. வேலை போனாப் போகட்டும். பட்டன் தைக்க எனக்கும் ஆள் வேணும்."

"போடலேன்னா நான் இல்லைம்பேன், அவரு ஆமாம்பாரு. பெரியவங்க பேச்சுதான் எடுபடும்" என்றார் படக்காரம்மா. வெட்டு மேசையில் கிடந்த துணுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தார். அன்று அவர் அழுதாரா என்று கணவருக்குத் தெரியவில்லை. கணக்குப் போடும்போது செய்வதுபோல நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தார் என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். நிறுவனத்தின் கையேட்டில் ஒன்பதாம் விதி: பிழை நம்முடையது எனில், திருத்தம் வெளியிட, கட்டுரை ஆசிரியரிடமிருந்து சரியான மூலப்படத்தை, எடுத்த தேதி அழியாமல், பெற வேண்டும். தர அதிகாரி மகிழ்ந்துபோனார். மன்னிப்புக் கேட்கும்போதும் விதியை விடாத ஊழியர்! அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். பிழைப் பதிவேட்டில் கோடும் அன்றே போடப்பட்டது. தர அதிகாரி போட்ட அந்தக் கோடு கொஞ்சம் சாய்ந்திருந்தது. படக்காரம்மா அதையும் பார்த்துவிட்டார்.

பிழை செய்தவர்கள் ஒருநாள் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது பதினோராம் விதி. போனார். 'படங்களை இடம் மாறாமல் வைப்பது எப்படி' என்று ஒரு பெண் அவருக்குக் கற்றுத்தந்தாள். பாடப் புத்தகம் பன்னிரண்டு வருடம் முன்பு படக்காரம்மா எழுதிக்கொடுத்தது. நான்காம் பக்கத்தில் ஒரு இடம் புரியவில்லை என்று பயிற்சி தந்த பெண் திணறியபோது, இவர்தான் விளக்கினார். கடைசியில் தேர்வு வைத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

பேராசிரியரிடமிருந்து பதில் வரத் தொடங்கியது. முதல் வாரம் அவர் வெளியூரில் இருந்தார். இரண்டாம் வாரம் ஆய்வகக் கணினியில் தண்ணீர் புகுந்துவிட்டது. நான்காம் வாரம், படம் எடுத்த மாணவர் வேலை மாறிப் போய்விட்டார், தேடிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு பதிலும் விதிப்படி இதழின் ஆசிரியருக்கும் ஒரு பிரதி போனது.

"என்ன படக்காரம்மா, அளவுச் சட்டை வந்துச்சா?" என்று தினமும் காலையில் கேட்பது, தையல்கடைக் கதையை அவரிடம் கேட்டிருந்த கமா சாருக்கு வழக்கமாகிவிட்டது.

ஒன்பதாவது வாரம் ஒரு கோப்பு வந்தது. எடுத்த தேதி இல்லை. படம் இருந்தது.

படக்காரம்மா திறந்து, பழைய படத்தையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். பிறகு, "சார், வாலை வெட்டிட்டாங்க" என்றார்.

கமா சார் ஓடி வந்தார். இடம் வலம் மாற்றி, நிறத்தைக் கருக்கி, வெடிப்பு இருந்த ஓரத்தை நறுக்கியிருந்தார்கள். ஆனால் நான்கு காலும் தலையும் இருந்த இடத்தில் இருந்தன. "விடுங்க, வால் இல்லாமலும் ஓடும்" என்றார் கமா சார். "எழுதுங்க. இதழுக்கு எழுதுங்க. பெரிசா எழுதுங்க. நான் கமா பார்த்துத் தர்றேன்."

"எழுத எனக்கு இடம் கிடையாது சார்."

இருந்தது ஒரு வேலைதான். திருத்த அறிவிப்பில், முன்பு அச்சான படத்தையும் சரியான படத்தையும் அருகருகே வைத்து, இதழின் ஆசிரியருக்கும் புகார் எழுதிய வாசகருக்கும் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். படக்காரம்மா இரண்டையும் ஒரே அகலத்தில், ஒரே உயரத்தில், நடுவில் விரற்கடை இடம் விட்டு வைத்தார். இடம் வலம் மாறியிருந்தது கண்ணை ஏமாற்றும் என்பதால், ஒப்பிட வசதியாக இரண்டையும் ஒரே பக்கம் பார்க்கத் திருப்பினார். திருப்பியிருப்பதைக் கீழே பொடி எழுத்தில் குறித்தார். அதற்கும் ஒரு விதி இருந்தது. வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. படத்தை அதற்குரிய இடத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

ஒப்புதல் வரவில்லை. பதிலுக்கு, பேராசிரியரின் மற்ற கட்டுரைகளின் படங்களையும் அனுப்பச் சொல்லி இதழிலிருந்து கடிதம் வந்தது. பதினோரு கட்டுரைகளில் 'கிழிஞ்ச குடை' மூன்று இடத்தில் விரிந்தது. எட்டு மாதம் விசாரணை நடந்தது. ஈரல் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அரைப்பக்க அறிவிப்பு வெளியானது. 'விழிப்புடன் இருந்த ஒரு வாசகருக்கு' நன்றி சொல்லியிருந்தார்கள். அறிவிப்பில் படம் ஏதும் இல்லாததால் அது படக்காரம்மாவின் மேசைக்கு வரவில்லை. கமா சார்தான் எழுந்து நின்று படித்துக் காட்டினார். பேராசிரியரைத் துறைத் தலைமையிலிருந்து விடுவித்து, பல்கலைக்கழகத்தின் புதுக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம்.

மறுநாள் படக்காரம்மா கண்ணாடி அறைக்குப் போனார். இந்த முறை நாற்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், அந்தக் கோட்டை எடுத்துடுங்க."

தர அதிகாரி உண்மையிலேயே சங்கடப்பட்டார். "பேப்பரை வாபஸ் வாங்க வழி இருக்கு மேடம். பிழையை வாபஸ் வாங்க வழி இல்லியே."

"நான் செய்யலைன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும். ஆனா செஞ்சேன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கோட்டை எடுத்தா அந்தக் கடிதம் பொய்னு ஆகும். தப்பான தகவல் எழுதிக் கொடுத்ததுக்கு மூணு கோடு. ஒண்ணை எடுத்துட்டு மூணு போடணும். வேணுமா, சொல்லுங்க."

படக்காரம்மா கணக்கில் கெட்டி. வேண்டாம் என்று வந்துவிட்டார்.

நான்கு மாதம் கழித்து வழியனுப்பு விழா. ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். தர அதிகாரி மனமுருகிப் பேசினார். இங்கே இருக்கிற இளையவர்கள் நினைத்துப்பாருங்கள், முப்பத்திரண்டு வருடம், லட்சம் படம், ஒரே ஒரு பிழை! அறை அதிரக் கைதட்டினார்கள். படக்காரம்மா எழுந்து, "அதையும் நான் செய்யலைங்க" என்றார். என்ன அடக்கம், என்ன நகைச்சுவை என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். கமா சார் மட்டும் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கணவர் கீழே செருப்புக்கடை வாசலில் நின்றிருந்தார். கடிகாரத்தை வாங்கிக்கொண்டார். இருவரும் பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்கள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒரே ஒரு தப்புன்னாங்க."

"நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். சிரிச்சாங்க."

கணவர் கடிகாரத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அன்னைக்குக் கையெழுத்துப் போட்டது வருத்தமா இருக்காம்மா? பக்கம் வெள்ளையா இருக்கணுமா, அந்தாளு மாட்டணுமான்னு கேட்டா, எது?"

"இது என்னங்க கேள்வி?" என்றார் படக்காரம்மா. அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "எனக்கு ரெண்டும்தான் வேணும்."

பேருந்து வந்தது. கூட்டம் இல்லை. இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது.